ஏலச்சீட்டு: யாருக்கு என்ன தெரியும், எதை வைத்துக் கேட்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலச்சீட்டில் உட்காரும் 20 பேருக்கும் தவணை ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். தெரிந்த விஷயம்தான் ஆளுக்கு ஆள் வேறு. யாருக்கு அவசரம், யார் கையில் வேறு வழி இருக்கிறது, யார் எடுத்தபின் ஒழுங்காகக் கட்டுவார், நடத்துகிறவரிடம் உண்மையில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவில்தான் தெரியும். சீட்டில் லாபம், நஷ்டம், ஏமாற்றம் மூன்றும் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே வருகின்றன.

சீட்டுக் கணக்கு எப்படி ஓடுகிறது?

ஒரே உதாரணத்தை இந்தப் பக்கம் முழுக்க வைத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய், சீட்டுத் தொகை 1,00,000. நடத்துநர் கமிஷன் 5%, அதாவது மாதம் 5,000. யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ, அதாவது சீட்டுத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ, அவருக்கு அந்த மாதச் சீட்டு. விட்டுக்கொடுக்கும் அந்தத் தொகைதான் தள்ளு. ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000இல் கமிஷன் 5,000 போக மீதி 20,000ஐ 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,000, இதுதான் அந்த மாத லாபம். ஆகவே அந்த மாதம் எல்லோரும் 4,000 கட்டினால் போதும். எடுத்தவருக்கும் அந்த 1,000 உண்டு.

முதல் மாதம் நடத்துநர் தன் சீட்டைத் தள்ளு இல்லாமல் எடுத்துக்கொள்வது வழக்கம். தள்ளுக்கு உச்சவரம்பு 30% என்று வைத்துக்கொண்டால், ஒரு சராசரிச் சீட்டு இப்படிப் போகலாம் (கணக்குக்காக நாமே போட்ட எண்கள்):

| மாதம் | தள்ளு | எடுப்பவர் கைக்கு | தவணை |
|---|---|---|---|
| 1 | – | 1,00,000 (நடத்துநர்) | 5,000 |
| 2, 3, 4 | 30,000 | 70,000 | 3,750 |
| 5 | 28,000 | 72,000 | 3,850 |
| 6 | 26,000 | 74,000 | 3,950 |
| 7 | 25,000 | 75,000 | 4,000 |
| 8 | 23,000 | 77,000 | 4,100 |
| 9 | 21,000 | 79,000 | 4,200 |
| 10 | 20,000 | 80,000 | 4,250 |
| 11 | 18,000 | 82,000 | 4,350 |
| 12 | 17,000 | 83,000 | 4,400 |
| 13 | 15,000 | 85,000 | 4,500 |
| 14 | 14,000 | 86,000 | 4,550 |
| 15 | 12,000 | 88,000 | 4,650 |
| 16 | 11,000 | 89,000 | 4,700 |
| 17 | 9,000 | 91,000 | 4,800 |
| 18 | 8,000 | 92,000 | 4,850 |
| 19 | 6,000 | 94,000 | 4,950 |
| 20 | 5,000 (கமிஷன் மட்டும்) | 95,000 | 5,000 |

ஒவ்வொருவரும் மொத்தம் கட்டுவது 87,350.

கடைசியில் எடுப்பவருக்கு உண்மையில் எவ்வளவு வட்டி நிற்கிறது?

87,350 கட்டி 95,000 வாங்குகிறார், லாபம் 7,650. "எண்பத்தேழாயிரத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம், அதாவது 9% தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறு. அவர் பணம் முழுவதும் 20 மாதமும் உள்ளே இல்லை. முதல் தவணை 19 மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரு நாள்கூட இல்லை. ஒவ்வொரு தவணையையும் அது உள்ளே இருந்த மாதங்களால் பெருக்கிக் கூட்டினால் 7,93,450 வரும். 7,650ஐ அதால் வகுத்தால் மாதம் 0.96%, ஆண்டுக்குத் தனிவட்டியாகச் சுமார் 11.5%.

வங்கித் தொடர்வைப்பு 6.5% தருகிறது என்று கொண்டால் அதே தவணைகளுக்கு 4,300 ரூபாய் போல வட்டி கிடைத்திருக்கும். ஆக, சீட்டின் உபரி லாபம் 3,350தான். இந்த 3,350ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2ஆம் மாதமே 30,000 தள்ளி எடுப்பவர் கட்டும் வட்டி 30 சதவீதமா?

ஏறக்குறைய அந்த எண்தான் வருகிறது, ஆனால் காரணம் வேறு. அவர் கைக்கு வந்தது 70,000. அதில் அந்த மாதத் தவணை 3,750, ஏற்கெனவே கட்டிய 5,000 இரண்டையும் கழித்தால் உண்மையில் கடனாகப் பெற்றது 61,250. அடுத்த 18 மாதத்தில் திருப்பிக் கட்டுவது 78,600. மாதம் சுமார் 2.65% வட்டி, ஆண்டுக்கு 32% போல. மூணு வட்டிக்குச் சற்றுக் கீழே. சீட்டை "வட்டியில்லாப் பணம்" என்று சொல்லிச் சேர்ப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம்: அவர் ஏலம் கேட்கும்போது தன் வட்டி என்ன என்று அவருக்கே தெரியாது. அது இனி வரப்போகும் 17 ஏலங்களைப் பொறுத்தது (கடைசி மாதம் ஏலம் இல்லை). மற்றவர்கள் பின்னால் அதிகம் தள்ளினால் இவர் தவணை குறையும், வட்டியும் குறையும். வங்கிக் கடனில் வட்டி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், இங்கே அது மற்றவர்களின் அவசரத்தால் எழுதப்படுகிறது.

நடுவில் எடுத்தால் இரண்டுக்கும் பொதுவாகப் போகும் அல்லவா?

பலரும் விழும் குழி இதுதான். 10ஆம் மாதம் 20,000 தள்ளி 80,000 எடுப்பவரைப் பாருங்கள். அதுவரை அவரே கட்டியது 40,600. ஆக, அந்த 80,000இல் பாதிக்கு மேல் அவருடைய சொந்தப் பணம். வெளியிலிருந்து கிடைத்த கடன் 39,400 மட்டுமே. அதற்கு அடுத்த 10 மாதத்தில் 46,750 திருப்பிக் கட்டுகிறார். மாதம் 3%க்கும் மேலே போகிறது, 2ஆம் மாதம் 30,000 தள்ளியவரைவிட அதிகம். காரணம் எளிது: தள்ளு முழு ஒரு லட்சத்தின் மேல் விழுகிறது, அவரோ பாதிதான் கடன் வாங்குகிறார். 9 மாதம் சேமித்த பணத்துக்கு வட்டியும் கிடைக்கவில்லை.

தள்ளுத் தொகையை மட்டும் பார்க்காமல், "ஒரு மாதம் பொறுத்தால் எவ்வளவு கூடும்?" என்று பாருங்கள். 10இல் 80,000, 11இல் 82,000. ஒரு மாதம் பொறுக்க 2,000 கிடைக்கிறது, அதாவது 2.5%. வங்கியில் மாதம் 1%க்கு நகைக்கடன் கிடைக்கும் நிலையில் இருப்பவர் இந்த மாதம் சீட்டை எடுப்பது, 2.5%க்குக் கடன் வாங்குவதற்குச் சமம்.

அப்படியானால் எவ்வளவு வரை தள்ளிக் கேட்கலாம்? கணக்கிடும் முறை என்ன?

ஏலத்துக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. கூடத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்ற சத்தத்துக்கு நடுவே போட வராது.

1. சீட்டு இல்லாவிட்டால் இந்தப் பணத்தை என்ன வட்டிக்குப் புரட்டுவீர்கள் என்று எழுதுங்கள். நகை இருந்தால் 1%, யாரிடமாவது கைமாற்று என்றால் 2%, வேறு வழியே இல்லை என்றால் 3%.
2. எடுக்காமல் விட்டால் பிறகு எப்போது வசதியாக எடுப்பீர்கள்? உதாரணத்துக்கு, இப்போது 6ஆம் மாதம், 12இல் எடுக்கலாம் என்று வையுங்கள்.
3. 12ஆம் மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிடுங்கள். அட்டவணைப்படி 83,000.
4. அதை (1 + 6 மாத வட்டி) ஆல் வகுங்கள். 1% வழி உள்ளவருக்கு 83,000 ÷ 1.06 = 78,300. ஆக 21,700க்கு மேல் தள்ளக் கூடாது. 3% வழி மட்டுமே உள்ளவருக்கு 83,000 ÷ 1.18 = 70,340. அவர் 29,660 வரை தள்ளலாம்.

அட்டவணையில் 6ஆம் மாதத் தள்ளு 26,000. முதலாமவர் விட்டுவிட்டு நகையை வைப்பது சரி. இரண்டாமவர் எடுப்பது சரி. ஒரே சீட்டு, ஒரே மாதம், இருவர் முடிவும் நேர் எதிர், இரண்டும் சரி. "அவரே எடுக்கவில்லை, நான் எடுக்கலாமா?" என்ற கேள்விக்கு அர்த்தமில்லாமல் போவது இதனால்தான்.

தடுமாறும் இடம் 3ஆம் படி. 12ஆம் மாதத் தள்ளு 13,000 ஆகவும் இருக்கலாம், 21,000 ஆகவும் இருக்கலாம். இரண்டு முனைக்கும் கணக்குப் போடுங்கள்: 1% வழி உள்ளவருக்கு எல்லை 17,900க்கும் 25,500க்கும் நடுவே நகர்கிறது. 26,000 இரண்டுக்கும் வெளியே இருப்பதால் அவர் தயங்காமல் விடலாம். ஏலம் 20,000இல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். எதிர்காலம் தெரியாது என்பதற்காக எல்லா முடிவும் இருட்டில் எடுப்பதாகிவிடாது.

ஏலம் 25,000இல் முடிந்தது. எடுத்தவருக்கு அவ்வளவுதான் அவசரம் என்று கொள்ளலாமா?

கூடாது. வாய்விட்டுக் கேட்கும் ஏலத்தில், இரண்டாமவர் எங்கே விலகுகிறாரோ அதற்குச் சற்று மேலே ஏலம் நின்றுவிடும். எடுத்தவர் 30,000 வரைகூடப் போகத் தயாராக இருந்திருக்கலாம், அது யாருக்கும் தெரியவராது. ஆகவே 25,000 என்பது இரண்டாமவரின் அவசரத்தைச் சொல்லும் எண். அந்த இரண்டாமவர் இன்னும் சீட்டு எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அடுத்த மாதமும் வருவார். அடுத்த மாதத் தள்ளை ஊகிக்க, எடுத்துப் போனவரைவிட விட்டுப் போனவரைக் கவனியுங்கள்.

துண்டுத்தாளில் எழுதிப் போடும் ஏலத்திலும் இதே கணக்கா?

இல்லை. அங்கே எழுதியதை அப்படியே தள்ள வேண்டும். இரண்டாமவர் 18,000 எழுதியிருக்க, நீங்கள் 26,000 எழுதினால் 8,000 வீண். ஆகவே உங்கள் எல்லையை அப்படியே எழுதாமல் சற்றுக் கீழே எழுதுவதுதான் முறை. எவ்வளவு கீழே என்பது எத்தனை பேர் போட்டியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 15 பேர் என்றால் எல்லைக்கு ஒட்டியே எழுதுங்கள், 3 பேர் என்றால் நன்றாகக் கீழே இறங்கலாம்.

லாபம் கூடட்டும் என்று தேவையில்லாமல் ஏற்றிவிடுகிறவர்களை என்ன செய்வது?

அவர்களுக்கு அது மோசமான பேரம் என்று அவர்களே கணக்குப் போடாததால் நடப்பது. தள்ளு 1,000 ஏறினால் தலைக்குக் கிடைப்பது 50 ரூபாய். எதிராளி விலகிவிட்டால் சீட்டு ஏற்றிவிட்டவர் தலையில் விழும், ஆயிரக்கணக்கில் போகும். பழக்கமான கூட்டத்தில் இது தானாகவே அடங்கிவிடும்.

நடத்துநரின் ஆளே உறுப்பினர் போல உட்கார்ந்து ஏற்றுவது வேறு விஷயம். அறிகுறி: ஒரே ஆள் மாதாமாதம் கடைசி வரை போட்டியிட்டு, ஒருபோதும் எடுக்காமல் போவார். உங்கள் எல்லையை முன்பே எழுதி வைத்திருந்தால் அவரால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது.

எந்த மாதங்களில் தள்ளு ஏறும்?

பள்ளி, கல்லூரிக் கட்டணம் வரும் மே, ஜூன். தீபாவளிக்கு முந்தைய மாதம். தை முகூர்த்தங்களுக்கு முன்னால். ஆடியில் விசேஷம் இல்லாததால் சம்பளக்காரர்கள் குழுவில் பெரும்பாலும் அமைதி, துணிக்கடைக்காரர்கள் இருந்தால் தீபாவளிச் சரக்கு எடுக்க அப்போதே போட்டி. குழுவில் யார் யார் என்பதுதான் முக்கியம். மார்க்கெட் வியாபாரிகள் நிறைந்த சீட்டில் வருஷம் முழுக்கத் தள்ளு உயரமாகவே நிற்கும், சுழற்சிக்குப் பணம் வேண்டும் அவர்களுக்கு. ஒரு குழுவில் பார்த்ததை வைத்து இன்னொன்றில் கேட்பது தவறாகப் போவது இதனால்.

ஒருவர் வீட்டில் மட்டும் மருத்துவச் செலவு என்றால் மற்ற 19 பேர் விட்டுக்கொடுப்பார்கள், சீட்டு காப்பீடு போல வேலை செய்யும். ஊரே மழையில்லாமல் காய்ந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும், அப்போது அந்தக் காப்பீடு இல்லை. ஒரே தொழில், ஒரே தெரு ஆட்கள் சேர்ந்த சீட்டில் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும், ஆனால் அடி விழுந்தால் எல்லோருக்கும் சேர்ந்தே விழும்.

முதலில் அடித்துப் பிடித்து எடுப்பவர்தான் பிறகு கட்டாமல் போவாரா?

எல்லோரும் அல்ல. ஆனால் ஏலம் அப்படிப்பட்டவர்களை முன்வரிசைக்கு இழுக்கும் என்பது உண்மை. திருப்பிக் கட்டும் எண்ணம் குறைவாக உள்ளவருக்கு எவ்வளவு தள்ளினாலும் வலிக்காது. ஒழுங்காகக் கட்டப்போகிறவருக்குத்தான் ஒவ்வொரு ஆயிரமும் உறைக்கும்.

பொருளியலில் இதற்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையை வைத்துப் பேசியது: விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல கார்கள் சந்தையை விட்டுப் போய்விடும். அதே கட்டுரையில் இந்தியக் கிராமத்து வட்டிக்கடைக்காரரும் வருகிறார். ஊர் வட்டி அவ்வளவு உயரமாக நிற்பதற்கு, ஆளைத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதைக் காரணமாகச் சொல்கிறார் அக்கர்லாஃப். 1981இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஆண்ட்ரூ வைஸ் இருவரும் வட்டியை ஏற்ற ஏற்ற நல்ல கடனாளிகள் விலகி, ஆபத்தானவர்கள் மிஞ்சுவார்கள் என்று காட்டினார்கள். அக்கர்லாஃபும் ஸ்டிக்லிட்ஸும் மைக்கேல் ஸ்பென்ஸோடு 2001இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதைத் தென்னிந்தியச் சீட்டுக் கணக்குகளிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் பொருளியலாளர்கள் ஸ்டெஃபான் குளோனரும் அசோக் ராயும். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் தள்ளுக்கு வரம்பு வைத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வரம்பு வந்தபின், முதல் மாதங்களில் பலர் ஒரே உச்சத்தில் நின்றுவிடுவதால் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. குலுக்கலுக்கு ஆள் நல்லவரா என்று தெரியாது, ஆனால் ஆபத்தானவரைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்தவும் தெரியாது. வரம்புக்கு முந்தைய, பிந்தைய சீட்டுகளை ஒப்பிட்டபோது, வரம்பில்லாத ஏலத்தில் ஆபத்தான கடனாளிகள் முந்திக்கொள்வது தரவில் வெளிப்பட்டது.

நிறுவனங்கள் இப்போது சீட்டின் கால அளவைப் பொறுத்து 30, 35, 40% என்று வரம்பு வைக்கின்றன. ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஏலம் எடுத்தும் பணம் தராமல் ஜாமீன் கேட்கிறார்களே, நியாயமா?

நியாயம்தான், மற்ற 19 பேருக்கும் அதுதான் பாதுகாப்பு. 2ஆம் மாதம் எடுப்பவர் இன்னும் 18 தவணை பாக்கி வைத்திருக்கிறார், அதாவது முழுத் தவணைக் கணக்கில் 90,000. 18ஆம் மாதம் எடுப்பவருக்குப் பாக்கி 10,000தான். ஆகவே ஜாமீனும் அந்த அளவில் குறையும். சம்பளச் சான்றோடு ஜாமீன்தாரர், வைப்புநிதி ரசீது, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், சொத்துப் பத்திரம் என்று கேட்பார்கள்.

ஜாமீன்தாரர் வெறும் கையெழுத்து அல்ல. கம்பெனிக்குத் தெரியாததை அவர் தெரிந்து வைத்திருக்கிறார். உங்களை நன்றாக அறிந்த ஒருவர் தன் சம்பளத்தைப் பணயம் வைக்கிறார் என்பதே கம்பெனிக்குக் கிடைக்கும் தகவல். மூன்று பேர் மறுத்துவிட்டார்கள் என்பதும் தகவல்தான்.

அடிக்கடி நடக்கும் தவறு: ஜாமீன் தயார் செய்யாமல் ஏலம் கேட்பது. 28,000 தள்ளி எடுத்தாயிற்று, லாபம் மற்றவர்களுக்குப் பிரித்தாயிற்று, பணம் மட்டும் வாரக்கணக்கில் வராது. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய தேதி போய்விடும், கடைசியில் கைமாற்றும் வாங்க நேரும். என்னென்ன காகிதம், எத்தனை ஜாமீன் என்று முந்தைய மாதமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடத்துநருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவை எவை?

யார் யார் எத்தனை தவணை பாக்கி, எத்தனை சீட்டு ஆள் சேராமல் நடத்துநர் பெயரிலேயே நிற்கிறது, ஒரு குழுவின் பணம் இன்னொரு குழுவின் ஓட்டையை அடைக்கப் போகிறதா என்பவை. கமிஷன், தள்ளைப் பொறுத்து மாறுவதில்லை. குழு நிரம்ப வேண்டும் என்பதுதான் அவர் கவலை. ஆகவே சந்தேகமான ஆளையும் சேர்க்கும் சபலம் எப்போதும் உண்டு.

சேருமுன் செய்ய வேண்டியவை:

– அந்தக் குறிப்பிட்ட குழுவின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கம்பெனி பதிவு பெற்றது என்பது போதாது, சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் முன் அனுமதியும் ஒப்பந்தப் பதிவும் வேண்டும். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் கீழ் வருகிறது, அங்கே சரிபார்க்கலாம்.
– ஒப்பந்த நகலில் நான்கு இடங்களைப் படியுங்கள்: தள்ளு வரம்பு, கமிஷன் (2019 திருத்தத்துக்குப் பின் 7% வரை வாங்கலாம்), தவணை தவறினால் அந்த மாத லாபம் போகுமா, ஜாமீன் விதி.
– கமிஷன் மீது 18% ஜிஎஸ்டி உண்டு. 5,000 கமிஷனுக்கு 900. அது யார் தலையில் என்று கேளுங்கள்.
– ஏல நடவடிக்கைக் குறிப்பில் வந்தவர்களின் கையெழுத்து வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். இன்னும் சீட்டு எடுக்காத உறுப்பினர் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பதிவேடுகளைப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. பார்க்க விடமாட்டேன் என்றால், அதுவே உங்களுக்குப் பதில்.

சீட்டுப் பணத்துக்கு வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு கிடையாது. ரிசர்வ் வங்கி தலையிடும் என்றும் நினைக்க வேண்டாம், சீட்டு மாநில அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது.

பதிவு இல்லாத வீட்டுச் சீட்டில் லாபம் கூட என்கிறார்களே?

கமிஷன் குறைவு, அதனால் லாபம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இப்போது அந்த 3,350 ரூபாய்க்கு வருவோம். நம் உதாரணச் சீட்டு 15ஆம் மாதம் உடைந்தால், எடுக்காதவர் அதுவரை கட்டிய 63,050 போய்விடும். உபரி லாபம் 3,350க்காக 63,050ஐப் பணயம் வைக்கிறீர்கள். 3,350 ÷ (3,350 + 63,050) = 5%. இருபது சீட்டில் ஒன்று உடையும் வாய்ப்பு இருந்தால், வங்கியை விட அதிகமாகக் கிடைப்பதாக நீங்கள் நினைத்த லாபம் பூஜ்ஜியம். உடையும் வாய்ப்பு அதைவிடக் கூட என்றால் நஷ்டம்.

கமிஷன் மிச்சத்தால் உபரி இரட்டிப்பாகி 6,700 ஆனால்கூட, பத்துச் சீட்டில் ஒன்று உடைந்தால் கணக்கு தீர்ந்தது. "இருபது வருஷமாக நடத்துகிற அக்கா" என்பது நல்ல தகவல்தான். ஆனால் அந்த இருபது வருஷமும் அவர் 50,000 ரூபாய்ச் சீட்டு நடத்தியிருக்கலாம், இப்போது 5 லட்சம் நடத்துகிறாரா என்று பாருங்கள். சின்னத் தொகையில் சம்பாதித்த நம்பிக்கை பெரிய தொகைக்குச் செல்லாது.

தெருவில் 15 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அத்தனை பேருமா ஏமாறுவார்கள்?

ஏமாறலாம். பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி 1992இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: முதல் இருவர் ஒரு பக்கம் போனதைப் பார்த்து மூன்றாமவர் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு அவர்கள் பின்னால் போவார், நான்காமவர் மூவரைப் பார்த்துப் போவார். கடைசியில் 15 பேர் இருந்தும் உள்ளே இருப்பது இரண்டு பேரின் தகவல் மட்டுமே. "நீங்கள் சேர்ந்தீர்களா?" என்று கேட்காமல், "சேருமுன் எதைச் சரிபார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதினைந்து பேரில் ஒருவராவது பதிவு எண் பார்த்திருந்தால் நல்லது.

பல வருஷம் சீட்டுக் கட்டியும் கணக்கு பிடிபடவில்லை, ஏன்?

ஒரு சீட்டு முடிய 20 மாதம். பத்து வருஷத்தில் ஒருவர் முழுதாகப் பார்ப்பது ஆறு சீட்டு. அதுவும் தான் எடுத்த மாதம் மட்டும் நினைவில் நிற்கும், எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கண்ணில் படாது. கடைசியில் எடுத்து லாபம் பார்த்தவர் வெளியே சொல்வார், உடைந்த சீட்டில் மாட்டியவர் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார். ஆக, காதில் விழும் அனுபவமே ஒரு பக்கம் சாய்ந்தது.

ஒரு நோட்டு போடுங்கள். மாதம், தள்ளு, எத்தனை பேர் கேட்டார்கள், இரண்டாமவர் யார், எங்கே விலகினார், அந்த மாதம் என்ன விசேஷம் – ஐந்தாறு கட்டம்தான். ஏழெட்டு மாதத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: தள்ளு மாதம் எவ்வளவு இறங்குகிறது, எடுக்காதவர்களில் இன்னும் எத்தனை பேருக்கு அவசரம். திடீரென்று தள்ளு ஏறினால் ஏதோ நடந்திருக்கிறது, விசாரியுங்கள். செல்போன் வழி ஏலத்தில் முகம் பார்க்க முடியாது, அங்கே கேட்டவர்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்திகளில் வரும் "சிட்ஃபண்ட் மோசடி" எல்லாம் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. 2013இல் மேற்கு வங்கத்தில் சரிந்த சாரதா குழுமத்தை எல்லோரும் சிட்ஃபண்ட் என்றுதான் எழுதினார்கள். அங்கே ஏலமும் இல்லை, குழுவும் இல்லை, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய திட்டம் அது. "மாதம் கட்டுங்கள், முடிவில் இவ்வளவு நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அது ஏலச்சீட்டே அல்ல. ஏலச்சீட்டில் தவணை ஏலத்துக்கு ஏலம் மாறும், முடிவில் லாபம் எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

நடுவில் பணம் தர இழுத்தடித்தால் என்ன செய்வது?

பதிவு பெற்ற சீட்டு என்றால்: ஏலம் எடுத்த தேதி, ஜாமீன் கொடுத்த தேதி, வரவேண்டிய தொகை மூன்றையும் குறிப்பிட்டு நடத்துநருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பாஸ்புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும், கட்டிய ரசீதுகளையும் நகல் எடுத்து வையுங்கள். பிறகு சீட்டுப் பதிவாளரிடம் சீட்டு நிதிச் சட்டத்தின் 64ஆம் பிரிவின் கீழ் மனு. இந்தத் தகராறுகளுக்குச் சிவில் நீதிமன்றம் போகத் தேவையில்லை, பதிவாளரே தீர்ப்பளிப்பார். அதுவரை கட்ட வேண்டிய தவணையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் தவறியவர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும், மனு பலவீனமாகும்.

பதிவில்லாத சீட்டு என்றால் காவல் நிலையம்தான் முதல் வாசல். அங்கே கேட்கும் முதல் கேள்வி "ரசீது இருக்கிறதா?" என்பதாக இருக்கும். கையில் கொடுத்த பணத்துக்குத் துண்டுத்தாள்கூட இல்லாத நிலையில் போகாதிருக்க, இன்றிலிருந்தே தவணையை வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ அனுப்பி, குறிப்பில் "சீட்டுத் தவணை, இத்தனையாவது மாதம்" என்று எழுதுங்கள்.